வீட்டு நினைப்பும் ‘வீட்டு ஏக்கமும்’: மொழிபெயர்ப்பு நோக்கில் ஒரு திறனாய்வு

0. முன்னுரை

கல்வியின் பொருட்டு வீட்டைவிட்டு அயலூரில் தங்கும் மாணவர்க்கு உண்டாகும் மனத்துயரை ஆங்கிலம் ‘ஹோம்சிக்னஸ்’ என்னும் ஒரே பெயர்ச்சொல்லால் குறிக்கிறது. உளவியல் நூல்களையும் விடுதி மாணவர்க்கான வழிகாட்டிக் குறிப்புகளையும் தமிழில் பெயர்ப்போர் இச்சொல்லுக்கு நேரான ஒரு பெயர்ச்சொல்லைத் தேடுகின்றனர். ‘வீட்டு ஏக்கம்’, ‘இல்ல ஏக்கம்’, ‘தாயக ஏக்கம்’ என்பன அவ்வாறு கிடைக்கும் ஆக்கங்கள். இவற்றுள் எது சிறந்தது என்பதே பொதுவாக எழுப்பப்படும் வினா. அதற்கு முன்னர் எழுப்ப வேண்டிய வினா ஒன்று உண்டு. தமிழ் இவ்வனுபவத்தைப் பெயராகக் காண்கிறதா, நிகழ்ச்சியாகக் காண்கிறதா என்பதே அது. இவ்வினாவுக்குக் கிடைக்கும் விடை கலைச்சொல் தேர்வோடு நின்றுவிடுவதன்று. பதினோரு வயதில் விடுதிக்கு வந்து சேரும் பிள்ளை ஒன்று, தனக்கு நேர்ந்திருப்பது வந்துபோகும் நினைப்பா, தன்னைப் பற்றிக்கொண்ட நோயா என்று அறிவதும் இவ்விடையைச் சார்ந்ததே.

1. நோய்ப்பெயர் பிறந்த வரலாறு

இத்துயரை மருத்துவ நோயாக முதன்முதலில் வகுத்துப் பெயரிட்டவர் யோகானஸ் ஹோஃபர். 1669இல் பிறந்த அவர், 1688இல் பாசல் பல்கலைக்கழகத்தில் அளித்த இலத்தீன் ஆய்வேட்டில் ‘நாஸ்டால்ஜியா’ என்னும் சொல்லைப் படைத்தார். திரும்புதல், வலி எனப் பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. ஏட்டை அளித்தபோது அவருக்கு வயது 19; மியுலூஸ் நகரிலிருந்து பாசலுக்கு வந்து படித்த மாணவர். மாணவத் துயரின் பெயர் ஒரு மாணவராலேயே இடப்பட்டது என்பது இங்குக் குறிக்கத்தக்கது.

ஹோஃபரின் செயல் ஒரு வகையில் மொழிபெயர்ப்பாளரின் செயலே ஆகும். சுவிட்சர்லாந்து மக்கள் ‘ஹைம்வே’ என்று தம் பேச்சில் வழங்கிய துயருக்கு மருத்துவ நூல்களில் பெயரில்லை என்று கண்டு அவர் புதுச்சொல் ஆக்கினார். ‘நோசோமேனியா’, ‘ஃபிலோபேட்ரிடோமேனியா’ என்னும் மாற்றுச் சொற்களையும் முன்வைத்தார். பின்னர் 18ஆம் நூற்றாண்டில் ‘ஹைம்வே’ என்பதைப் பின்பற்றி ‘ஹோம்சிக்னஸ்’ ஆங்கிலத்தில் தோன்றியது. எனவே, தமிழ் மொழிபெயர்ப்பாளர் மூலமாகக் கொள்ளும் சொல்லே ஒரு மொழிபெயர்ப்புத்தான்.

அவ்வேட்டில் விரித்துரைக்கப்படும் நோயாளர் இருவர். ஒருவர் பெர்ன் நகரிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்த இளைஞர். நெடுநாள் வருத்தமும் தொடர்காய்ச்சலும் நெஞ்சப் படபடப்பும் அவரைச் சாவின் விளிம்புக்குக் கொண்டுசென்றன. சிகிச்சைக்காக அழைக்கப்பட்ட மருந்தாளர் ஒருவர் அவரைப் பார்த்ததும், இது வீட்டுத் துயரே, ஊருக்கு அனுப்புவதன்றி வேறு மருந்தில்லை என்றார். பயண ஏற்பாட்டைக் கண்டவுடனேயே இளைஞரின் மூச்சு சீராயிற்று. பெர்ன் சேர்வதற்கு முன்பே அவர் தேறிவிட்டார். மற்றொருவர் கீழே விழுந்து அடிபட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நாட்டுப்புறப் பெண். உணவையும் மருந்தையும் மறுத்த அவர், எதைக் கேட்டாலும் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதையன்றி வேறொன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு அனுப்பப்பட்டபின் சில நாட்களில் மருந்தின்றியே குணமடைந்தார்.

இங்கு இருவகை மொழிகள் எதிரெதிர் நிற்கின்றன. நோயுற்ற பெண் வினைமுற்றுடைய ஒரு வாக்கியத்தைச் சொல்கிறார். மருத்துவ மாணவர் அதை ஒரு பெயர்ச்சொல்லாக ஆக்குகிறார். வாக்கியத்தில் போக வேண்டிய இடமும் போக விரும்பும் ஆளும் உள்ளனர். பெயர்ச்சொல்லில் அவ்விரண்டும் மறைந்து நோய் மட்டும் எஞ்சுகிறது. துறைமொழிக்குப் பெயராக்கம் இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆயின், பெயராக்கத்தில் இழப்பது யாது என்பதை அறிந்தே அதைச் செய்தல் வேண்டும்.

2. இந்திய மொழிகளின் தொடரமைப்பு

ஆங்கிலத்தில் இவ்வனுபவத்துக்கு ஆட்படுபவர் எழுவாயாக நிற்க, அவருடைய நிலை பெயரடையால் சொல்லப்படுகிறது. நிலை அவருடைய பண்பாகிறது. இந்திய மொழிகளில் பெரும்பாலும் இவ்வாறில்லை. இந்தியில் ‘முஜே கர் கீ யாத் ஆ ரஹீ ஹை’ என்பர். கன்னடத்தில் ‘நனகெ மனெ நெனபாகுத்திதெ’. தெலுங்கில் ‘நாகு இல்லு குர்த்துகொஸ்தோந்தி’. மலையாளத்தில் ‘எனிக்கு வீடு ஓர்ம்ம வருந்நு’. இவை அனைத்திலும் அனுபவிப்போர் நான்காம் வேற்றுமைக்குரிய உருபை ஏற்கின்றனர். நினைவோ வீடோ எழுவாயாக நின்று வருகிறது, அல்லது நினைவாகிறது. குஜராத்தியில் ‘மனே அஹீங் கம்தூ நதீ’, அதாவது ‘எனக்கு இங்கே பிடிக்கவில்லை’ என்பது புதிய இடத்தில் மனம் ஒட்டாத நிலையைச் சொல்லும் இயல்பான வழக்கு. வங்காளியில் ‘பாடிர் ஜொன்னோ மொன் கெமொன் கொர்ச்சே’ என்பர். வீட்டை நினைத்து மனம் ‘எப்படியோ’ செய்கிறது என்பது அதன் பொருள். ‘எனக்கு என்னவோபோல் இருக்கிறது’ என்னும் தமிழ்த் தொடர் இதற்கு மிக அணுக்கமானது.

அனுபவிப்போரை எழுவாய் வேற்றுமையல்லாத வடிவில் வைக்கும் இவ்வமைப்பு தெற்காசிய மொழிகளின் பொதுப்பண்புகளுள் ஒன்று. மசீக்கா 1976ஆம் ஆண்டு நூலில் இதனை இந்நிலப்பரப்பின் மொழியியற் கூறாகக் காட்டினார். வர்மாவும் மோகனனும் பதிப்பித்த 1990ஆம் ஆண்டுத் தொகுப்பு முழுவதும் இதனையே ஆராய்ந்தது. இவ்வமைப்பின் பொருண்மை இங்குக் கருதத்தக்கது. வருவது நினைப்பு, அது வந்து சேரும் இடமே மனிதர். வருவது போகவும் கூடும் என்பது வினையிலேயே அடங்கியுள்ளது. ‘அவன் வீட்டு ஏக்கம் உடையவன்’ என்னும் மொழிபெயர்ப்பு வாக்கியத்தில் அவ்விடம் அடைபட்டுவிடுகிறது.

இவ்வொற்றுமை நடைமுறைப் பயனும் உடையது. 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையில் இடம்பெற்ற நவோதய வித்யாலயங்கள் ஆறாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளை விடுதியில் தங்கவைத்துப் பயிற்றுவிப்பவை. ஒன்பதாம் வகுப்பில் 30 விழுக்காட்டு மாணவரை ஓராண்டுக் காலம் இந்தி வழங்கும் பகுதிக்கும் வழங்காத பகுதிக்கும் இடையே மாற்றி அனுப்புவது அத்திட்டத்தின் ஒரு கூறு. இவ்வாறு இடம் மாறும் பிள்ளைக்கு மொழி புதிது, உணவு புதிது. ஆயினும் தன் துயரைச் சொல்லும் தொடரமைப்பு மட்டும் புதிதன்று. காரைக்காலிலோ புதுச்சேரியிலோ நவோதயப் பள்ளியில் பயிலும் தமிழ்ப்பிள்ளையின் ‘எனக்கு வீட்டு நினைப்பு வருது’ என்பதும், இந்திப் பிள்ளையின் ‘யாத் ஆ ரஹீ ஹை’ என்பதும் ஒரே அச்சில் வார்த்தவை. ஆங்கிலத்தின் வழியாக இரண்டையும் இணைக்க முயலும் வழிகாட்டிக் குறிப்பு, நேர்வழியை விட்டுச் சுற்றுவழியில் செல்கிறது.

3. தமிழ் காட்டும் படிநிலைகள்

தமிழில் இத்துயர் ஒரே நிலையினதாகக் கூறப்படுவதில்லை. பின்வரும் நான்கு வாக்கியங்கள் ஒப்புநோக்கத்தக்கன.

(அ) அவனுக்கு வீட்டு நினைப்பு வந்தது.
(ஆ) அவனுக்கு வீட்டு நினைப்பாகவே இருக்கிறது.
(இ) அவன் வீட்டை நினைத்து ஏங்குகிறான்.
(ஈ) அவன் ஏங்கிப்போய்விட்டான்.

முதலாவது நிகழ்ச்சி, ஒரு கணத்தில் வந்து ஒரு கணத்தில் போகலாம். இரண்டாவதில் ‘ஆக இரு’ என்னும் அமைப்பும் தேற்றேகாரமும் சேர்ந்து, நினைப்பு இடைவிடாத நிலையாகிவிட்டதைக் காட்டுகின்றன. மூன்றாவதில் வேற்றுமை மாறுகிறது. நான்காம் வேற்றுமையில் நின்றவன் எழுவாயாகிறான். வந்த நினைப்பை இப்போது அவனே தொடர்ந்து செல்கிறான். நான்காவதில் ‘போ’ என்னும் துணைவினை சேர்கிறது. ‘வாடிப்போனான்’, ‘இளைத்துப்போனான்’ என்பவற்றிற்போல இத்துணைவினை விரும்பத்தகாத மாற்றம் முற்றுப்பெற்றதைக் குறிக்கும். தாயைப் பிரிந்த குழந்தை காய்ச்சல் கண்டு சோறு தள்ளும்போது ‘பிள்ளை ஏங்கிப்போச்சு’ என்று தமிழ்நாட்டுத் தாய்மார் சொல்வது இந்நிலையையே. ‘எங்கே போனது, எதை நினைத்து’ என்ற விளக்கம் அங்கே தேவைப்படுவதில்லை. வீடு என்னும் செயப்படுபொருளும் வாக்கியத்திலிருந்து நீங்கிவிடுகிறது. பாசல் ஏட்டின் பெர்ன் இளைஞர் எய்தியது இந்த நான்காம் நிலை.

ஆங்கிலப் பெயர்ச்சொல் இந்நான்கையும் ஒன்றாக்குகிறது. அதற்கு நேராக ‘வீட்டு ஏக்கம்’ என்று மட்டும் எழுதும் மொழிபெயர்ப்பும் அவ்வாறே ஒன்றாக்குகிறது. முதல் இரண்டு நிலைகளில் உள்ள மாணவர்க்கு வேண்டுவது பேச்சுத்துணை. மூன்றாவதில் விடுதிக் காப்பாளரின் கவனம் வேண்டும். நான்காவதில் மருத்துவரும் பெற்றோரும் வேண்டும். தமிழ் இலக்கணம் தானாகவே காட்டித்தரும் இவ்வேறுபாட்டை இழந்த குறிப்பு, முதல்நிலை மாணவரை வீணே அச்சுறுத்தும். நான்காம் நிலை மாணவரையோ ‘எல்லார்க்கும் வருவதுதானே’ என்று கைவிட்டுவிடும்.

4. ஆக்கச் சொற்களின் பொருத்தம்

ஆக்கச் சொற்களைத் தனித்தனியே நோக்கினும் குறைபாடுகள் புலப்படும். ‘வீட்டு ஏக்கம்’ என்னும் தொகை, வீட்டை நினைத்து ஏங்குதல் என்னும் பொருளோடு, சொந்த வீடு இல்லாதவர் வீடொன்று வேண்டி ஏங்குதல் என்னும் பொருளையும் தரும். தொகையுள் மறைந்த உருபு எது என்பதைச் சூழலே முடிவுசெய்ய வேண்டியுள்ளது. ‘இல்ல ஏக்கம்’ இன்னும் இடர்ப்பாடு உடையது. இன்றைய வழக்கில் ‘இல்லம்’ என்னும் சொல் தனித்து வருவதைவிட முதியோர் இல்லம், குழந்தைகள் இல்லம், மாணவர் இல்லம் என்னும் தொடர்களில் மிகுதியாக வருகிறது. வீட்டைப் பிரிந்தோர் வாழும் இடத்துக்கு உரியதாகிவிட்ட சொல்லால், அவர்கள் பிரிந்துவந்த இடத்தைக் குறிப்பது முரணாகும். ‘தாயக ஏக்கம்’ புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் எழுத்துக்குப் பொருந்தும் சொல். அங்கே இழந்தது நாடு. திருநெல்வேலியிலிருந்து தில்லிக்குப் படிக்கச் சென்ற மாணவருக்கு அச்சொல் அளவுக்கு மிஞ்சிய அரசியற் சுமையை ஏற்றிவிடுகிறது.

இடர்ப்பாட்டின் வேர், ஆங்கிலத்தின் ‘ஹோம்’ தமிழில் வீடு, ஊர் என இரண்டாகப் பிரிவதில் உள்ளது. ‘ஊர்’ என்பது மண்ணோடும் அதில் வாழ்வோர் இயல்போடும் பிணைந்த கருத்து என்பதை வாலன்டைன் டேனியல் 1984இல் வெளிவந்த நூலில் விரிவாக ஆராய்ந்தார். அண்மையில் வந்த சிறுபிள்ளைக்கு வருவது வீட்டு நினைப்பு. அங்கே தாயும் தம்பியும் அடுக்களையும் உள்ளன. ஆண்டுகள் சில கழிந்த ஆராய்ச்சி மாணவருக்கு வருவது பெரும்பாலும் ஊர் நினைப்பு; அங்கே தெருவும் குளக்கரையும் திருவிழாவும் உள்ளன. மூலத்தில் ஒரே சொல் இருப்பினும், சூழலுக்கேற்பப் பிரித்துப் பெயர்க்க வேண்டியது மொழிபெயர்ப்பாளர் கடமை.

‘நோய்’ என்னும் சொல்லைச் சேர்ப்பது பற்றியும் ஒரு கருத்து எழலாம். அகப்பாடல்களிலும் திருக்குறளின் காமத்துப்பாலிலும் பிரிவுத் துயர் ‘நோய்’ எனவே பேசப்படுகிறது. ஆகவே அச்சொல் தமிழுக்கு அயலானதன்று என வாதிடலாம். வாதம் மறுக்கத்தக்கதன்று. ஆயின், பழந்தமிழ் ‘நோய்’ துன்பம் என்னும் பொதுப்பொருளையும் உடையது. இன்றைய ‘நோய்’ மருத்துவமனைக்கு உரியது. மாணவர் படிப்பது இன்றைய தமிழையே.

5. ஓதற்பிரிவு

கல்விக்காகப் பிரிதல் தமிழ் இலக்கண மரபு அறியாத செய்தியன்று. ஓதல், பகை, தூது என்னும் மூன்றையும் பிரிவின் காரணங்களாகத் தொல்காப்பியம் அகத்திணையியலில் கூறுகிறது. கற்பியலில், கல்விக்கான பிரிவு மூன்றாண்டைக் கடவாது என்று எல்லையும் வகுக்கிறது. இத்துணைத் தெளிவான இலக்கணம் இருந்தும், பிரிந்து சென்று ஓதுபவனின் மனநிலையைப் பேசும் இலக்கியம் வளரவில்லை. தொகைநூற் பாலைப் பாடல்களில் மேலோங்கி நிற்பது பொருள்வயிற் பிரிவே. திருக்கோவையாரில் ஓதற்பிரிவு தனி அதிகாரமாக அமைந்தும் மிகச் சிறியது. அதுவும் தலைமகள் வருந்துவதோடு முடிகிறது. கற்கச் சென்றவன் கற்கும் இடத்தில் என்ன உணர்ந்தான் என்பது அவ்வதிகாரத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது.

காரணம் வெளிப்படை. அகமரபில் பிரிவு என்பது காதலர் இருவரிடையே நிகழ்வது. துயரின் மொழி பெரும்பாலும் வீட்டில் இருப்பவருக்கு உரியது. தாயையும் வீட்டையும் நினைத்து இளைஞன் கலங்குவது அதன் பாடுபொருள் அன்று. எனவே, ‘பிரிவாற்றாமை’ என்னும் அழகிய பழஞ்சொல்லை மாணவத் துயருக்குக் கலைச்சொல்லாக அப்படியே எடுத்துக்கொள்வது தவறான எதிர்பார்ப்பைத் தரும். திருக்குறளின் 116ஆம் அதிகாரத்தை அறிந்த வாசகர் அங்கே காதலியையே காண்பார்.

6. பெயரிடாமல் சொல்லுதல்: ஒரு சான்று

அகமரபு விட்டுவைத்த இடத்தைத் தன்வரலாறுகள் நிரப்பின. காந்தியடிகளின் ‘சத்திய சோதனை’ இதற்குத் தக்க சான்று. குஜராத்தியில் 1925 முதல் ‘நவஜீவன்’ இதழில் தொடராக வெளிவந்த இந்நூலை மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் பெயர்த்தார்; ஆங்கில நூல் 1927இலும் 1929இலும் இரு பகுதிகளாக வெளிவந்தது. 1888இல் சட்டம் பயில இலண்டன் சேர்ந்தபோது காந்திக்கு வயது 19கூட நிரம்பவில்லை. முதல் நாட்களின் துயரைச் சொல்லும் பத்தியில் நோய்ப்பெயர் எதுவும் இல்லை. தாயின் அன்பு விடாது நினைவுக்கு வருவதும், இரவில் கண்ணீர் பெருகுவதும், உறக்கம் வாராமையும், மனிதரும் பழக்கவழக்கமும் வீடுகளும் புதியனவாக இருப்பதும், உண்ணத்தக்க உணவும் சுவையற்றிருப்பதும் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. ஒவ்வொன்றும் ஒரு நிகழ்ச்சி. இவற்றைத் தொகுத்து ஒரு பெயரிட்டிருந்தால் பத்தி ஒரு வரியில் முடிந்திருக்கும். வாசகர்க்கு ஒன்றும் எட்டியிராது.

இப்பத்தியில் மொழிபெயர்ப்பாளர் நோக்கத்தக்க மற்றொன்றும் உண்டு. இங்கிலாந்திலும் இருக்க முடியாது, இந்தியாவுக்கும் திரும்ப முடியாது என்னும் இக்கட்டை ஆங்கில வடிவம் கிரேக்கப் புராணத்தின் ஸ்கில்லா, கரிப்டிஸ் என்னும் கடற்பூதங்களைக் கொண்டு சொல்கிறது. குஜராத்தி பேசுவோர் இத்தகைய நிலைக்குப் பாக்குவெட்டியின் இடையே சிக்கிய பாக்கை உவமை கூறுவர். தமிழில் இருதலைக்கொள்ளி எறும்பு உள்ளது. ஆங்கில வடிவத்திலிருந்து தமிழுக்கு வருபவர் பூதங்களை இறக்குமதி செய்து அடிக்குறிப்பு எழுத வேண்டியதில்லை. வீட்டுத் துயரைச் சொல்லும் இடத்தில் வீட்டு மொழியின் உவமையே வேண்டும்.

வந்துவிட்டதால் மூன்றாண்டை முடித்தே ஆகவேண்டும் என்று உள்மனம் கூறியதாக அப்பத்தி முடிகிறது. தொல்காப்பியம் வகுத்த எல்லையோடு இது தற்செயலாக ஒத்துப்போகிறது. 1891 ஜூன் மாதத்தில், மூன்றாண்டு நிறையும் முன்பே, அவர் தாயகம் புறப்பட்டார். அன்னையின் மறைவுச் செய்தியை அவர் அறிந்தது திரும்பிய பின்னரே. இடையில் அவரைத் தேற்றியவை எவை என்று நூல் கூறுவதும் நினையத்தக்கது. மருத்துவர் பிராண்ஜீவன் மேத்தா வந்து பார்த்து, குடும்பத்தோடு தங்கும்படி அறிவுரை கூறினார். முன்பே வந்திருந்த நண்பர் ஒருவர் தம்மோடு வைத்துக்கொண்டு ஆங்கில நடைமுறைகளைக் கற்றுத்தந்தார். பிறகு ஃபாரிங்டன் தெருவில் மரக்கறி உணவகம் ஒன்று கண்ணிற்பட்டது. இங்கிலாந்து வந்தபின் முதன்முறையாக வயிறார உண்டார். ஆளும் வீடும் உணவுமே தேற்றின.

7. ‘சமாளித்தல்’, ‘ஆற்றுதல்’

இதனால் மற்றொரு சொல்லும் ஆய்வுக்கு வருகிறது. துயரை எதிர்கொள்ளுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்குச் ‘சமாளித்தல்’ என்பதே இன்று பெருவழக்கு. சமாளிப்பவர் தனியொருவர், செலவைச் சமாளிப்பதுபோல, கூட்டத்தைச் சமாளிப்பதுபோலத் துயரையும் அவரே சமாளிக்க வேண்டும். ‘வீட்டு ஏக்கத்தைச் சமாளிப்பது எப்படி?’ என்னும் தலைப்பு முழுப் பொறுப்பையும் பிள்ளையின் தலையில் வைக்கிறது.

அகமரபு இங்கே கைகொடுக்கிறது. அதன் பாடுபொருள் மாணவர்க்குப் பொருந்தாவிடினும் அதன் வினைச்சொற்கள் பொருந்தும். ஆறு, ஆற்று; தேறு, தேற்று என்னும் தன்வினை, பிறவினை இணைகள் அவற்றுள் முதன்மையானவை. ‘மனம் ஆறியது’ என்பதில் துயர் தானே தணிகிறது. ‘தோழி ஆற்றினாள்’ என்பதில் மற்றொருவர் தணிக்கிறார். ‘ஆற்றியிருந்தாள்’ என்பதில் துயருற்றவரே பொறுத்துக்கொள்கிறார். ‘கொள்’ என்னும் துணைவினை சேர்ந்த ‘தேற்றிக்கொண்டான்’ என்பது தன்னைத்தான் தேற்றுதல். காலம், பிறர், தான் என்னும் மூன்று துணைகளையும் ஒரே வினையடி தாங்குகிறது. வெந்நீரை ஆற்றுவதும் புண் ஆறுவதும் இதே வினையே என்பதால், வெப்பம் மெல்லக் குறைதல் என்னும் உருவகமும் உடன்வருகிறது. ‘சமாளி’ என்பதில் இவற்றுள் ஒன்றும் இல்லை.

8. முடிவுரை

இதுவரை கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. துறைநூல்களில் தலைப்புக்கும் சொல்லடைவுக்கும் ஒரு பெயர்ச்சொல் தேவை; அதற்கு ‘வீட்டு ஏக்கம்’ குறைகளோடும் போதும். ஆயின், மாணவரை நேராக நோக்கிப் பேசும் பகுதிகளில் அப்பெயர்ச்சொல் தவிர்க்கப்பட்டு, வினைகளே ஆளப்படவேண்டும். நினைப்பு வருதல், நினைப்பாகவே இருத்தல், ஏங்குதல், ஏங்கிப்போதல் என்னும் படிநிலைகள் வேறுபடுத்தப்படவேண்டும். வீடும் ஊரும் சூழலறிந்து பிரிக்கப்படவேண்டும். துயர் தணிதலைக் கூறுமிடத்து ஆற்று, தேற்று என்னும் வினைகள் மீட்கப்படவேண்டும். அவை யாரால் தணியும் என்பதையும் உடன்சொல்லும்.

பாசல் மருத்துவமனையில் படுத்திருந்த பெண் தன் துயரின் பெயரை அறிந்திருக்கவில்லை. தான் எங்கே போக வேண்டும் என்பதை மட்டும் அறிந்திருந்தார். விடுதிக் கட்டிலில் அமர்ந்திருக்கும் பிள்ளையும் அத்தகைய வாக்கியம் ஒன்றையே சொல்லும். அதற்கு மறுமொழியாக எழுதப்படும் தமிழும் ஒரு வாக்கியமாக இருத்தல் வேண்டும்.